மஞ்சள் துணியில் முடிந்த நீல அட்டை

பினாங்கு ஜார்ஜ்டவுனில் ஒரு தபால் அலுவலகத்தில் இருபத்தெட்டு வருஷம் வேலை பார்த்தவள் நான். தபால்தலை, மணியார்டர், ரோட் டாக்ஸ், டிவி லைசென்ஸ் என்று சனங்கள் எதற்கெல்லாம் வரிசையில் நிற்பார்களோ அதற்கெல்லாம் முத்திரை குத்தியிருக்கிறேன். வருஷத்தில் சில வாரங்கள் மட்டும் என்னை என் இடத்திலிருந்து கிளப்பி, கதவோரம் ஒரு மேசையைப் போட்டு உட்கார வைப்பார்கள். அது வாக்காளர் பதிவு மேசை. இருபத்தொரு வயசு முடிந்திருக்க வேண்டும், நீல ஐசி, அதாவது குடிமக்களுக்குத் தரும் நீல அடையாள அட்டை, கையில் இருக்க வேண்டும், அவ்வளவுதான் கேள்வி. படிவத்தை நிரப்பி, கையெழுத்து வாங்கி, அடித்துண்டைக் கிழித்துக் கொடுத்தால் வேலை முடிந்தது. ஐந்து நிமிஷம்கூட ஆகாது.

அந்த ஐந்து நிமிஷ வேலையை ஊரில் எத்தனையோ பேருக்குச் செய்தேன். கூடப்பிறந்த அக்காவுக்குச் செய்ய முடியவில்லை. அவளிடம் இருந்தது சிவப்பு ஐசி. இங்கேயே இருக்கலாம், இங்கேயே சாகலாம், ஆனால் இந்த நாட்டுக் குடிமகள் இல்லை என்பதுதான் அந்தச் சிவப்புக்கு அர்த்தம். ஓட்டு என்ற பேச்சுக்கே இடமில்லை. அவள் ஆசைப்பட்டதோ அந்த ஒன்றுக்குத்தான். நகை கேட்கவில்லை, வீடு கேட்கவில்லை. பட்டியலில் தன் பேர் இருக்க வேண்டும், ஒரு தடவையாவது உள்ளே போய் ஓட்டுப் போட்டுவிட்டு வர வேண்டும். இதைச் சொன்னால் சிலர் சிரிப்பார்கள். சிரிக்கிறவர்களிடம் எல்லாம் நீல ஐசி இருக்கும்.

அக்காவைச் சிவப்பில் தள்ளியது எங்கள் அப்பாவின் பெருமை. நான் இதைச் சொல்லக்கூடாதுதான், ஆனால் சொல்லாமல் எத்தனை நாளைக்கு வைத்துக்கொண்டிருப்பது.

அப்பா துறைமுகத்தில் ஒரு கிடங்குக்குப் பொறுப்பாக இருந்தவர். நாங்கள் இருந்த வரிசை வீடுகளில் பெரும்பாலான பெண்கள் மருத்துவச்சியை வைத்து வீட்டிலேயே பிள்ளை பெற்றார்கள். ஊருக்கு அனுப்ப அவர்கள் வீட்டுக்காரர்களுக்கு வசதியில்லை. அப்பா விடுவாரா? தலைப்பிரசவம் தாய்வீட்டில்தான் என்று, ஏழாம் மாசம் வளையல் போட்ட கையோடு அம்மாவை நாகப்பட்டினத்துக்குக் கப்பலேற்றி அனுப்பிவைத்தார். அக்கா அங்கே பிறந்தாள். ஐந்து மாசக் குழந்தையாக அம்மாவின் மடியில் பினாங்குக்கு வந்து இறங்கினாள். அவள் அந்த ஊரில் செய்தது பிறந்தது ஒன்றுதான். தவழ்ந்தது, நடந்தது, பேசியது, பள்ளிக்கூடம் போனது எல்லாம் இங்கேதான். திரும்பி ஒரு தடவைகூட அந்த ஊரைப் பார்த்ததில்லை.

அக்காவுக்குப் பன்னிரண்டு வயசானதும் அடையாள அட்டை எடுக்க அப்பா அழைத்துப் போனார். எழுதிக்கொண்டிருந்த கெராணி, அதான் குமாஸ்தா, நம் ஆள்தானாம்.

"இங்கதானே பொறந்தது?" என்று கேட்டுக்கொண்டே பேனாவை வைத்துவிட்டாராம்.

அப்பாவுக்கு ரோஷம் வந்துவிட்டது. "என்ன தம்பி அப்படிக் கேட்டுட்டீங்க. தலைப்பிரசவம். அவங்கம்மா வீட்டுல, ஊர்ல. நான்தான் கப்பல்ல அனுப்பிவச்சேன்."

அந்த மனுஷன் நிமிர்ந்து பார்த்து, "அண்ணே, இங்கேன்னே எழுதிடவா?" என்று இன்னொரு தடவையும் கேட்டிருக்கிறார்.

"உள்ளத எழுதுங்க தம்பி."

இந்தக் கதையை அப்பா கல்யாண வீடுகளில் எல்லாம் சொல்வார். பொய் சொல்லாதவர் என்று நாலு பேர் பாராட்டுவார்கள். எதிர் வீட்டில் ஒரு பெண்ணும் இதே மாதிரி ஊரில் பிறந்தவள்தான். அவள் அப்பா வாய் கூசாமல் "இங்கதான்" என்று சொல்லிவிட்டு வந்தார். சுதந்திரம் கிடைத்து, சில வருஷத்தில் அட்டைக்கு நிறமும் வந்தபோது அவளுக்கு நீலம், அக்காவுக்குச் சிவப்பு. பினாங்கிலேயே பிறந்த எனக்கும் தம்பிக்கும் யாரும் எதுவும் கேட்கவில்லை. அப்பாவுக்குக்கூட மனுப் போட்டு நீலம் கிடைத்துவிட்டது. இருபத்தொரு வயசு ஆகாத பிள்ளைகளை அப்பாவோடு சேர்த்துப் பதிய அப்போது ஒரு வழி இருந்ததாம். அது எங்களுக்குத் தெரியவந்தபோது அக்காவுக்கு முப்பது தாண்டிவிட்டது.

சிவப்பால் போனது ஓட்டு மட்டும் இல்லை. பல் டாக்டர் ஒருவரிடம், வருகிற நோயாளிகளின் பேரை எழுதிக்கொள்ளும் வேலையில் அக்கா இருந்தாள். சிவப்பு ஐசிக்காரர்களுக்கு வேலை செய்யத் தனி அனுமதி வேண்டும் என்று சட்டம் வந்ததும் அந்த டாக்டர் நாசூக்காக நிறுத்திவிட்டார். இரண்டு வரன்கள் வந்தன. இரண்டாவது பையன் அரசாங்க உத்தியோகம். பேசி முடித்து வெற்றிலை மாற்றப் போகும் சமயத்தில் ஐசி நிறம் கேட்டார்கள். அப்புறம் அவர்கள் வரவில்லை. அக்காவுக்கு முடியாமல் சின்னவளுக்குப் பார்க்க மாட்டேன் என்று அம்மா உட்கார்ந்துவிட்டாள். அப்படியே என் வயசும் போனது. அதற்காக அக்கா மேல் எனக்குக் கோபம் இருந்ததா என்றால், இருந்தது. பல நாள் இருந்தது. அப்புறம் அதுவும் அலுத்துப்போனது.

அக்கா ஒரு தையல் மிஷின் வாங்கி வீட்டு முன்னறையில் போட்டுக்கொண்டாள். ரவிக்கை தைப்பதில் டத்தோ கிராமாட் பக்கத்தில் அவளை அடிக்க ஆள் இல்லை. அளவு எடுக்க வருகிற பெண்களிடம் டேப்பைச் சுற்றிக்கொண்டே வயசு கேட்பாள்.

"இருவத்தொண்ணு ஆச்சா? பேரு பதிஞ்சியா?"

"இல்லக்கா, நேரமே இல்ல லா."

"பாசாருக்குப் போக நேரம் இருக்கு, படம் பாக்க நேரம் இருக்கு. என் தங்கச்சி மேசையில ஒக்காந்து ஈ ஓட்டிக்கிட்டு இருக்கா. நாளைக்குப் போயி பதிஞ்சிட்டுத் துண்ட கொண்டாந்து காட்டு. அப்பதான் ரவிக்கைய தருவேன்."

வெறும் மிரட்டல் இல்லை. துண்டைக் காட்டாத ஒருத்தியின் தீபாவளி ரவிக்கையை அக்கா நிஜமாகவே பிடித்துவைத்துக்கொண்டாள். அந்தப் பெண் அழுதுகொண்டே என் மேசைக்கு ஓடிவந்தாள். "உங்கக்காவுக்கு என்னதான் வேணும்?" என்று கேட்டாள். நான் படிவத்தை நீட்டினேன்.

புதுப் பட்டியல் தயாரானதும் பொதுமக்கள் சரிபார்க்க அதை எங்கள் அலுவலகத்தில் மேசை மேல் வைப்பார்கள். அக்கா மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வந்து நின்றபடியே எங்கள் தெரு முழுவதையும் படிப்பாள். யார் பேர் விட்டுப்போயிருக்கிறது, யார் ஐசி எண் தப்பாக இருக்கிறது எல்லாம் அவளுக்கு அத்துப்படி. தேர்தல் நாளன்று பள்ளிக்கூடத்துக்கு வெளியே கட்சிக்காரர்கள் பந்தல் போட்டு, வருகிறவர்களின் வரிசை எண்ணைத் துண்டுச்சீட்டில் எழுதிக் கொடுப்பார்கள் இல்லையா, அந்த மேசையில் உட்கார அக்காவைத்தான் கூப்பிடுவார்கள். பட்டியலைப் புரட்டாமலே பாதிப் பேருக்கு எழுதிவிடுவாள். எல்லாரையும் உள்ளே அனுப்பிவிட்டு அவள் மட்டும் வெளியே உட்கார்ந்திருப்பாள்.

எங்கள் வீட்டு எண்ணுக்கு நேராகப் பட்டியலில் மூன்று பேர். அப்பா, தம்பி, நான். அம்மா போனதும் அம்மா பேரை எடுத்துவிட்டார்கள். அப்பா எழுபதுகளின் நடுவில் போய்ச் சேர்ந்தார், அவர் பேர் மட்டும் என்ன காரணமோ அப்படியே இருந்தது. தம்பி படிக்க ஆஸ்திரேலியா போனவன் அங்கேயே தங்கிவிட்டான். போகிற வருஷம் நான்தான் பிடித்து வைத்துப் பதிந்தேன், அதனால் அவன் பேரும் இருந்தது. படிக்கிற வரைக்கும் தபாலில் ஓட்டுப் போட அவனுக்கு வழி இருந்தது. அக்கா விவரமெல்லாம் எழுதிக் கடிதம் போட்டாள். "ஓட்டெல்லாம் எனக்கு எதுக்கு அக்கா, நீங்க நல்லா இருந்தா போதும்" என்று பதில் எழுதினான். அக்கா அந்தக் கடிதத்தை இரண்டு நாள் மிஷின் மேலேயே வைத்திருந்தாள்.

"செத்தவரு பேரு இருக்கு. வராதவன் பேரு இருக்கு. இந்த வீட்டுல சோறாக்கிப் போடுறவ பேரு இல்ல," என்றாள். அப்புறம், "அப்பா பேர எடுக்கச் சொல்லி எழுதிக் குடு. யாராச்சும் அவரு பேருல போட்டுட்டுப் போயிடப் போறான்," என்றாள்.

இறப்புச் சான்றிதழைக் காட்டி ஒரு படிவம் நிரப்பினால் போதும். என் மேசையிலேயே அந்தப் படிவம் கிடக்கிறது. ஒவ்வொரு வருஷமும் அக்கா சொல்வாள், ஒவ்வொரு வருஷமும் சரி என்பேன். அச்சடித்த காகிதத்தில் அப்பா பேர் மிச்சமிருந்தது அந்த ஓர் இடத்தில்தான். எனக்கு மனசு வரவில்லை. அவளுக்கு அப்பா மேல் கோபம் இருக்குமோ என்று ஒரு தடவை கேட்டேன்.

"எதுக்குக் கோபம்? பொண்டாட்டிய நல்லா வச்சிருந்தேன்னு காட்டிக்கிட்டாரு. தப்பா?" என்று சொல்லிவிட்டு ஊசியில் நூலைக் கோத்தாள்.

குடியுரிமைக்கு அக்கா மூன்று தடவை மனுப் போட்டாள். மூன்றையும் நிரப்பியது நான்தான். பள்ளிச் சான்றிதழ், அப்பாவின் நீல ஐசி நகல், அக்கம்பக்கத்தார் கையெழுத்து என்று ஒரு கட்டு. முதல் மனுவுக்குப் பதிலே இல்லை. இரண்டாவதற்கு நேர்முகத்துக்குக் கூப்பிட்டார்கள். நான் லீவு போட்டுவிட்டுக் கூடப் போனேன்.

உள்ளே ஒரு மலாய்க்கார அதிகாரி. நல்ல மனுஷன், அதைச் சொல்லியாக வேண்டும். உட்காரச் சொல்லி, ஒரு பத்திரிகையை நீட்டி, ஒரு பத்தியை வாசிக்கச் சொன்னார். அக்கா தடங்கலில்லாமல் வாசித்தாள். எழுதச் சொன்னார், எழுதினாள். இங்கே எத்தனை வருஷமாக இருக்கிறீர்கள் என்று கேட்டார். ஐந்து மாசக் குழந்தையிலிருந்து என்றாள். அவர் தலையை ஆட்டி "பாகுஸ்" என்றார். நன்றாக இருக்கிறது என்று அவரே சொல்லிவிட்டார், இனி என்ன. அன்றைக்கு வீடு திரும்புகிற வழியில் அக்கா எனக்கு ஐஸ் கச்சாங் வாங்கிக் கொடுத்தாள். நாற்பது வயசுக்காரிகள் இரண்டு பேர் ரோட்டோரம் உட்கார்ந்து சின்னப் பிள்ளைகள் மாதிரி தின்றோம்.

மூன்று வருஷம் கழித்து ஒரு கடிதம் வந்தது. என் கை வழியாகத்தான் வந்தது, எங்கள் பகுதித் தபாலைப் பிரிக்கும் இடத்தில் நின்றுகொண்டிருந்தேன். உள்ளே இரண்டு வரி. தங்கள் மனு கவனமாகப் பரிசீலிக்கப்பட்டது, வெற்றி பெறவில்லை என்பதை வருத்தத்துடன் தெரிவிக்கிறோம். காரணம் ஒன்றும் இல்லை.

காரணம் கேட்கப் போனேன். சண்டை போடுகிற உத்தேசத்தோடுதான் போனேன், எனக்குக் கோபம் பொசுக்கென்று வரும். முகப்பில் இருந்த பெண் கடிதத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "எங்களுக்கும் காரணம் சொல்ல மாட்டாங்க, அக்கா. மேலேர்ந்து வருது," என்றாள். அவளிடம் என்ன சண்டை போடுவது? அந்த முகத்தை எனக்குத் தெரியும். மணியார்டர் ஏன் வரவில்லை என்று கேட்டு வருகிற கிழவிகளிடம் நான் காட்டுகிற முகம் அது. திரும்பி வந்து பஸ்ஸில் உட்கார்ந்து அழுதேன்.

அதே வருஷம் நான் ஒரு காரியம் செய்தேன். பதிவு மேசையிலிருந்து ஒரு படிவத்தை வீட்டுக்குக் கொண்டுவந்து, அக்கா பேர், பிறந்த தேதி, விலாசம் எல்லாம் நிரப்பி, சரிபார்த்தவர் இடத்தில் என் கையெழுத்தையும் போட்டு, அவள் முன்னால் வைத்தேன்.

"கையெழுத்துப் போடு. ஐசிய பாக்குறது நான்தானே. நான் நீலம்னு போட்டுட்டேன்னா நீலம்தான்."

அக்கா படித்தாள். அவளுக்கு அந்தப் படிவத்தின் ஒவ்வொரு கட்டமும் தெரியும்.

"நாளைக்கு யாராச்சும் தோண்டினா ஒன் வேல போவும். எனக்கு இருக்குற செவப்பும் போவும். அப்பறம் என்னைய எங்கடி அனுப்புவாங்க? நாகப்பட்டினத்துல எனக்கு யார தெரியும்?"

அவள் அந்தப் படிவத்தைத் திருப்பிப் பின்பக்கத்தில் யாருடையதோ ரவிக்கை அளவை எழுதிக்கொண்டாள். தாள் வீணாகக்கூடாதாம்.

மூன்றாவது மனு தொண்ணூறுகளின் தொடக்கத்தில் போட்டது. அதன் மேல் எங்களுக்கு நம்பிக்கையே இல்லை. போட்டதை மறந்தும் போனோம். ஏறக்குறைய ஏழு வருஷத்துக்குப் பிறகு வரச்சொல்லிக் கடிதம் வந்தது. போனால், அங்கீகாரம் ஆகிவிட்டது, சத்தியப் பிரமாணம் எடுங்கள் என்கிறார்கள். கையைத் தூக்கிப் பிரமாணம் எடுத்தபோது அக்காவுக்கு ஐம்பத்தெட்டு வயசு. சில மாசத்தில் நீல ஐசி கைக்கு வந்தது. வீட்டுக்கு வந்ததும் அதை விளக்கு வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "போட்டோவுல மூஞ்சி நல்லால்ல, லா," என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.

நான் அப்போதே அவளை இழுத்துக்கொண்டு போயிருக்க வேண்டும். பதிவுக் காலம் ஆரம்பித்து ஒரு வாரம்தான் ஆகியிருந்தது. என் மேசை, என் பேனா, எல்லாம் தயார். ஆனால் அக்கா ஒரு வேண்டுதல் வைத்திருந்தாள். நீல ஐசி கிடைத்தால் தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலைக்குப் பால்குடம் எடுக்கிறேன், அதற்கப்புறம்தான் அந்த அட்டையை வைத்து எந்தக் கையெழுத்தும் போடுவேன் என்று. என்னிடம் சொல்லாமலே எத்தனை வருஷமாக வைத்திருந்தாளோ. சாமி படத்துக்குக் கீழே அட்டையை மஞ்சள் துணியில் முடிந்து வைத்துவிட்டாள்.

"ஐசி இல்லாம வெளிய போனா போலீஸ் புடிப்பான், அக்கா."

"முருகன்கிட்ட இருக்கு, போயி கேட்டுக்கன்னு சொல்லிடுறேன்."

இரண்டு பேரும் சிரித்தோம். தைப்பூசத்துக்கு முக்கால் வருஷம் இருந்தது. இந்தப் பதிவுக் காலம் முடிந்துவிடும், அடுத்தது அடுத்த வருஷம்தான். இது அக்காவுக்குத் தெரியாததா? எனக்குத் தெரியாததா? ஆனால் தேர்தலுக்கு இன்னும் இரண்டு வருஷம் இருக்கிறது என்று நான் கணக்குப் போட்டேன். "பரவால்ல, வேண்டுதலை முடிச்சிட்டே பதியலாம்," என்று வாய் நிறையச் சொன்னேன். என் மேசைக்கு வருகிற யாரிடமும் நாளைக்கு வா என்று நான் சொன்னதே இல்லை. இன்றைக்கே போடு, இப்போதே போடு என்று பிடித்து உட்கார வைத்தவள். என் அக்காவிடம் மட்டும் பரவாயில்லை என்றேன். அப்பா "உள்ளத எழுதுங்க" என்று சொல்லிச் செய்ததை நான் "பரவால்ல" என்று சொல்லிச் செய்தேன். இதை நினைக்கும்போதெல்லாம் என்னையே அறைந்துகொள்ளலாம் போல வருகிறது.

அடுத்த தைப்பூசத்துக்கு அக்கா பால்குடம் எடுத்தாள். வெயிலில் ரோட்டில் உடைத்த தேங்காய்த் தண்ணீர் கால் வழுக்க, மூட்டுவலியோடு அத்தனை படியும் ஏறினாள். பதிவுக் காலம் வந்த முதல் நாளே மஞ்சள் துணியை அவிழ்த்து அட்டையை எடுத்துக்கொண்டு வரிசையில் நின்றாள். உள்ளே வா என்று கூப்பிட்டும் வரவில்லை. அவளுக்கு முன்னால் பதினோரு பேர். முறை வந்ததும் நாற்காலியில் உட்கார்ந்து அட்டையை என் முன்னால் வைத்தாள்.

நான் யாரோ போல, "வேலை?" என்று கேட்டேன்.

"தையல்காரி."

கையெழுத்தைப் போட்டுவிட்டு நிமிராமல் இருந்தாள். அடித்துண்டைக் கிழித்துக் கொடுத்தேன். அதை மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டாள். அன்றைக்கு நான் அதற்கப்புறம் எழுதிய படிவங்களில் இரண்டைத் தப்பாக எழுதி மறுபடி எழுதவேண்டி வந்தது.

தேர்தல் நினைத்ததைவிட முன்னாலேயே வந்துவிட்டது. அந்த வருஷக் கடைசியில் அறிவித்தார்கள். இந்த வருஷம் பதிந்தவர்களின் பேர் இன்னும் பட்டியலில் ஏறவில்லை, ஏறுவது வருஷம் பிறந்துதான், இந்தத் தேர்தல் பழைய பட்டியலில்தான் நடக்கும் என்று அலுவலகத்தில் பேசிக்கொண்டார்கள். நான் விசாரித்தேன். உண்மைதான்.

பத்து நாள் அதை வயிற்றில் வைத்துக்கொண்டு அலைந்தேன். அக்கா தனக்கென்று புது ரவிக்கை தைத்துக்கொண்டிருந்தாள். இளநீலம். ஊருக்கெல்லாம் தைத்தவள், தனக்குப் புதிசு தைத்து நான் பார்த்து வருஷக்கணக்காகிறது. சாப்பிடும்போது சொல்லலாம் என்று உட்காருவேன். "கை எப்பிடி வச்சிருக்கேன் பாரு" என்று ரவிக்கையைக் காட்டுவாள். சொல்லாமல் எழுந்துவிடுவேன். தேர்தலுக்கு முதல் நாள் வரை சொல்லவில்லை.

தேர்தல் காலையில் குளித்து, புது ரவிக்கையும் புடவையும் கட்டி, பூ வைத்து, ஐசியைக் கைப்பையில் போட்டுக்கொண்டு அக்கா வாசலில் நின்றாள். இரண்டு பேரும் பள்ளிக்கூடத்துக்கு நடந்தோம். வழியில் பார்த்தவர்கள் எல்லாம், "என்னக்கா, இந்த தடவை நீங்களும் போடுறீங்களா," என்று கேட்டார்கள். அக்கா சிரித்தாள்.

பந்தலில் இருந்தது எதிர் வீட்டுப் பெண், அப்பா வாய் கூசாமல் "இங்கதான்" என்று சொன்னாரே, அவள்தான். அவளும் இப்போது நரைத்துவிட்டாள். அக்காவைப் பார்த்ததும் எழுந்து கையைப் பிடித்துக்கொண்டாள். பட்டியலைப் பிரித்து எங்கள் வீட்டு எண்ணில் விரலை வைத்தாள். அப்பா பேர். தம்பி பேர். என் பேர். விரல் கீழே போனது, மறுபடி மேலே வந்தது. பக்கத்தைத் திருப்பினாள்.

"தேடாத," என்றாள் அக்கா. "என் பேரு வராது. புதுசா பதிஞ்சவங்களுக்கு இந்த தடவை இல்லன்னு போன வாரமே பேப்பர்ல போட்டிருந்தான்."

நான் அவளைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை.

"உனக்குத் தெரியுமா?" என்றேன்.

"நீ சாப்பாட்டுல கைய வச்சிக்கிட்டு முழிக்கிற முழியப் பாத்தாலே தெரியுதே. ஒனக்குச் சொல்லக் கஷ்டமா இருந்துச்சு. சொல்லவேணாம்னு விட்டுட்டேன்." அப்புறம் எதிர் வீட்டுக்காரியிடம், "தள்ளு, வரிசை நிக்குது பாரு," என்று சொல்லி அந்த நாற்காலியில் உட்கார்ந்து பேனாவை எடுத்தாள். முதல் சீட்டை எனக்குத்தான் எழுதினாள். "போ, போயி போட்டுட்டு வா."

நான் உள்ளே போய் ஓட்டுப் போட்டேன். தடுப்புக்குள் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டுதான் காகிதத்தையே பார்க்க முடிந்தது. வெளியே வந்தபோதும் அவள் எழுதிக்கொண்டிருந்தாள். சாயங்காலம் வரை இருந்தாள். திரும்பி வரும்போது, "அப்பா பேரு இன்னும் இருக்கு. எத்தன வருஷமா சொல்றேன்," என்றாள்.

அவளுக்குச் சர்க்கரை இருந்தது. காலில் பட்ட புண் ஒன்றை ஆறும் ஆறும் என்று விட்டுவிட்டாள். அந்தத் தேர்தல் முடிந்து இரண்டாம் மாசம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். ஒன்பதாம் நாள் போய்விட்டாள்.

இறப்பைப் பதியப் போனேன். செத்தவரின் ஐசியைத் திருப்பிக் கொடுக்க வேண்டும், அது முறை. மஞ்சள் துணியில் வைத்துத்தான் கொண்டுபோனேன். முகப்பில் இருந்தவர் துணியைப் பிரித்து அட்டையை மட்டும் எடுத்துக்கொண்டு துணியை என்னிடம் தள்ளினார். கொடுக்க அத்தனை வருஷம் எடுத்தவர்கள் வாங்கிக்கொள்ள ஐந்து நிமிஷம் எடுத்துக்கொண்டார்கள்.

அந்த மாசக் கடைசியில் புதுப் பட்டியலை எங்கள் அலுவலகத்தில் வைத்தார்கள். மேசையில் விரித்து வைத்தது நான்தான். பார்க்கவேண்டாம் என்றுதான் இருந்தேன். மத்தியானம் கூட்டம் குறைந்ததும் கை தானாக எங்கள் தெருவைப் பிரித்துவிட்டது. அப்பா பேர். அதற்குக் கீழே அக்கா பேர், எழுத்துப்பிழை இல்லாமல், சரியான ஐசி எண்ணோடு. அப்புறம் தம்பி, அப்புறம் நான். எங்கள் வீட்டில் நாலு வாக்காளர்கள். இருப்பது நான் ஒருத்தி.

இழுப்பறையிலிருந்து இரண்டு படிவங்களை எடுத்தேன். முதலாவதில் அப்பா பேரை எழுதினேன், இத்தனை வருஷமாக எழுதாததை எழுதினேன், இறப்புச் சான்றிதழின் நகலையும் மறுநாள் கொண்டுவந்து குத்திவைத்து அனுப்பிவிட்டேன். இரண்டாவது படிவம் என் முன்னாலேயே கிடந்தது. யாராவது அவள் பேரில் போட்டுவிட்டுப் போகலாம், தெரியும். எடுக்கச் சொல்லி அவளே என்னைத் திட்டியிருப்பாள், அதுவும் தெரியும். ஊர் முழுக்கச் சட்டம் பேசியவள் நான். அந்தக் காகிதத்தை இழுப்பறையில் போட்டு மூடிவிட்டேன்.

நீ சொன்னபடி அப்பா பேரை எடுத்துவிட்டேன் அக்கா. உன் பேரை என்னால் எடுக்க முடியவில்லை.